தானத்தைச் சோதித்தல் தகுமா?

தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து, பல்லை எண்ணி, வயதைக் கணிக்கும் வழக்கத்தை அறிந்த சேலம், நாமக்கல் சமவெளி மக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. விலை கொடுத்து வாங்குபவனுக்குச் சோதித்துப் பார்க்கும் உரிமை உண்டு. அன்பினால் ஒருவன் கொட்டிலிலிருந்து அவிழ்த்துக் கையில் கொடுத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே சோதனையைச் செய்வது, கொடுத்தவனை அவமதிப்பதாகும். கொடைக்கு விலையில்லை, விலையில்லாததற்குத் தரம் பார்ப்பதும் இல்லை என்பதே நாம் வழிவழியாகக் கற்ற பண்பாடு.

ஆயினும் நம் காலத்தில், மனிதன் மனிதனுக்கு அளிக்கக்கூடிய கொடைகளுள் மிகப் பெரியதொன்று, அணு அணுவாகச் சோதிக்கப்பட்ட பின்னரே ஏற்கப்படுகிறது. பல வேளைகளில் மறுக்கவும் படுகிறது. மூளைச்சாவு அடைந்தவரின் நுரையீரலைப் பற்றியே கூறுகின்றோம். கண்ணீரோடு கொடுக்கப்பட்ட காணிக்கையைக் கையிலெடுத்து, அழுத்திப் பார்த்து, 'இது ஆகாது' என்று சொல்ல யாருக்கு உரிமை? அவ்வாறு சொல்வது அன்புக்கு இழுக்கா, அன்பின் கடமையா? இவ்வினாவைக் கிறிஸ்தவ மனச்சான்றின் முன் வைத்துச் சிறிது சிந்திப்போம்.

கொடை செல்லும் வழி

சூரமங்கலத்தில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. சேலம் சந்திப்பு இரயில் நிலையம் நம் ஊரிலேயே அமைந்துள்ளது. பெங்களூரிலிருந்து நாமக்கல் வழியே தெற்கே செல்லும் நெடுஞ்சாலையும், கொச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், உளுந்தூர்ப்பேட்டைச் சாலையும் கூடுவது சேலத்தில்தான். சாலைகள் கூடுமிடத்தில் வாணிகமும் வளரும், விபத்தும் பெருகும். தலைக்கவசமின்றி இரு சக்கர வாகனத்தில் சென்ற மகன் வீடு திரும்பாத துயரத்தை அறியாத தெரு நம் பகுதியில் அரிது.

அத்தகைய துயர வேளையில்தான் உறுப்புக் கொடை பற்றிய கேள்வி எழுகிறது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைச்சாவை இறப்பாக ஏற்றுக்கொண்டது. நான்கு மருத்துவர் அடங்கிய குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரு முறை சோதித்து உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. திருச்சபையும் இதில் மருத்துவரின் பொறுப்பை மதித்தே வந்துள்ளது. இறப்பு நேர்ந்துவிட்டதா என்பதைத் தீர்மானிப்பது மருத்துவருக்குரியது என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957ஆம் ஆண்டிலேயே மயக்க மருந்தியல் வல்லுநர்களிடம் எடுத்துரைத்தார்.

தமிழகத்தில் 2008ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடையாக அளித்தனர். அச்செய்தி தமிழ் இல்லங்கள் பலவற்றின் மனக்கதவைத் திறந்தது. 2023 செப்டம்பரில், உறுப்புக் கொடை அளித்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடைபெறும் எனத் தமிழக முதலமைச்சர் அறிவித்தார். நாடு காத்தவர்க்குரிய வணக்கம் ஒரு லாரி ஓட்டுநருக்கும், ஒரு கூலித் தொழிலாளிக்கும், ஒரு கல்லூரி மாணவிக்கும் கிடைப்பது நல்ல காலத்தின் அறிகுறியே.

நுரையீரலின் தனித்தன்மை

உறுப்புகள் அனைத்தும் ஒரே வகையாகக் கை மாறுவதில்லை. சிறுநீரகமும் கல்லீரலும் உடலின் உள்ளறையில் மறைந்திருப்பவை. நுரையீரலோ வெளியுலகிற்கு எந்நேரமும் திறந்திருக்கும் வீடு. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஊரின் தூசியும் புகையும் கிருமியும் அங்கே நுழைகின்றன. விபத்து நேர்ந்தவுடன் நெஞ்சில் அடி படலாம்; வாயிலுள்ள இரத்தமோ இரைப்பையின் உணவோ மூச்சுக்குழாயில் இறங்கலாம். மூளை சேதமுறும் அதிர்ச்சியினாலேயே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. பின்னர், நாள்கணக்கில் செயற்கைச் சுவாசக் கருவியோடு இணைந்திருப்பதால் நோய்த்தொற்றும் சேர்கிறது. எனவே, உறுப்புக் கொடை அளிப்போர் ஐவரென்றால், அவருள் ஏறக்குறைய ஒருவரின் நுரையீரல் மட்டுமே மாற்றுச் சிகிச்சைக்கு ஏற்றதாக அமைகிறது என்பது பல நாடுகளின் பொதுவான பட்டறிவு.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது? எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் தெளிவாக இருக்கிறதா எனப் பார்க்கிறார்கள். மெல்லிய ஒளிக்குழலை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தி, சீழோ அழற்சியோ உண்டா எனக் காண்கிறார்கள். கருவி வழியே முழு ஆக்சிஜனைச் சிறிது நேரம் செலுத்தி, பின் தமனி இரத்தத்தை எடுத்து, அதில் ஆக்சிஜனின் அழுத்தத்தை அளக்கிறார்கள்; அது 300 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு மேலிருப்பது நன்று எனக் கொள்ளப்படுகிறது. கொடையாளரின் வயது 55க்குக் கீழ் இருத்தல், நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டு சிகரெட் புகைத்த அளவைத் தாண்டாதிருத்தல் ஆகியவை நெடுநாளாகக் கைக்கொள்ளப்படும் வரம்புகள். கொடுப்பவர், பெறுபவர் இருவரின் உயரத்தையும் ஒப்பிட்டு, நெஞ்சுக்கூட்டுக்கு நுரையீரல் பொருந்துமா என்றும் கணிக்கிறார்கள்.

இத்தனைக்கும் பின்னர் இறுதிச் சோதனை கையினால் நடைபெறுகிறது. அறுவை மருத்துவர் நுரையீரலை முழுவதும் விரியச் செய்து, விரல்களால் மெல்லத் தடவி, கட்டியோ இறுகிய பகுதியோ உண்டா என உணர்கிறார். பிறகு சுவாசக் குழாயைக் கழற்றச் செய்கிறார். நல்ல நுரையீரல் காற்றை விட்டுத் தானே சுருங்கும்; நீர் கோத்ததும், நெகிழ்வை இழந்ததும் சுருங்காமல் உப்பியே நிற்கும். சூரமங்கலம் உழவர் சந்தையில் மாம்பழத்தைக் கையிலெடுத்து அழுத்திப் பார்க்கும் தாய்மாரின் விரல்கள் கண்ணை விட முன்னதாக உண்மையை அறிந்துவிடும் அல்லவா? கருவிகள் எத்தனை பெருகியும், இங்கும் அத்தகையதொரு கையையே மருத்துவ உலகம் நம்பியிருக்கிறது. காலமும் குறுகியது. குளிர்நிலையில் வைத்த நுரையீரலை ஆறு முதல் எட்டு மணி நேரத்திற்குள் மற்றொரு நெஞ்சில் இணைத்துவிட முயல வேண்டும். சேலத்திலிருந்து சென்னைக்கோ ஏறக்குறைய 340 கிலோமீட்டர்.

இதில் நம் சிந்தைக்குரிய ஒன்று உண்டு. மூளைச்சாவை உறுதி செய்யும்போது, கருவியை நீக்கி, மூச்சு தானாக எழுகிறதா என்று பார்க்கிறார்கள். எழாத மூச்சே இறப்பின் சான்றுகளுள் முதன்மையானது. ஆனால் மூச்சை எழுப்பும் ஆணை மூளைத் தண்டிலிருந்து வருவது. ஆணை நின்றுவிட்டபோதும் நுரையீரல் தன் திறனை இழப்பதில்லை. மண்ணால் உருவான மனிதனின் நாசிகளில் இறைவன் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்கநூல் கூறுவதைச் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். மூச்சு நம் உடைமையன்று, பெற்றுக்கொண்டது. பெற்றதை மற்றொருவருக்குக் கையளிக்கவும் கூடும் என்பதை இவ்வுறுப்பு நமக்குக் கண்கூடாகக் காட்டுகிறது.

எதனோடு ஒப்பிட்டு?

பழமொழிக்குத் திரும்புவோம். மாட்டின் பல்லைப் பார்ப்பவன் தன் இலாபத்திற்காகப் பார்க்கிறான். நுரையீரலைச் சோதிக்கும் மருத்துவரோ, கொடையைப் பெறப்போகும் மூன்றாமவருக்காகப் பார்க்கிறார். அம்மூன்றாமவர் மயக்க மருந்தின் பிடியில், நெஞ்சு திறந்த நிலையில், தமக்காகப் பேச இயலாதவராகக் கிடப்பார். அவருடைய கண்ணாகவும் கையாகவும் மருத்துவர் செயல்படுகிறார். ஆகவே இங்கே சோதிப்பது கொடுத்தவரை அவமதிப்பதாகாது. கொடுத்தவரின் எண்ணத்தை நிறைவேற்றுவதேயாகும். பிறர் வாழ வேண்டும் என்றுதானே அவர் குடும்பத்தார் கொடுத்தனர்? நோயைச் சுமந்த உறுப்பு ஒருவரைக் கொன்றால் அக்கொடையின் நோக்கமே கெட்டுவிடும்.

சோதனை தகும் என்று இவ்வாறு முடிவு செய்தாலும் கடினமான வினா அதற்குப் பின்னர்தான் வருகிறது. 'நல்லது' என்பது எதனோடு ஒப்பிட்டு நல்லது? மாசற்ற நுரையீரலோடு ஒப்பிட்டால் பெரும்பாலானவை குறையுள்ளவையே. ஆனால் நோயாளியின் முன் இருக்கும் தேர்வு, மாசற்ற நுரையீரலா, குறையுள்ள நுரையீரலா என்பதன்று. குறையுள்ள நுரையீரலா, காத்திருந்து மூச்சுத்திணறி இறப்பதா என்பதே அவருடைய தேர்வு.

2012ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த பிரிட்டன் நாட்டு ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அந்நாட்டில் மாற்றப்பட்ட நுரையீரல்களுள் ஏறக்குறைய பத்தில் நான்கு, புகைபிடித்த வரலாறு உடையோரிடமிருந்து வந்தவை. அவற்றைப் பெற்றோர், புகைபிடிக்காதோரின் நுரையீரலைப் பெற்றோரை விடக் குறைவான காலமே வாழ வாய்ப்புடையவராய் இருந்தனர். ஆயினும், அவற்றை மறுத்துவிட்டுப் பட்டியலில் காத்திருப்போரை விட அவர்களுக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி எனவும் அவ்வாய்வு கண்டது. ஒரே உறுப்பு, ஒரு தராசில் தாழ்ந்தும் மற்றொரு தராசில் உயர்ந்தும் நிற்கிறது. எந்தத் தராசைக் கையிலெடுப்பது என்பதை அறிவியல் மட்டுமே சொல்லிவிடாது. அது மனச்சான்றின் வேலை.

மற்றொரு வழியும் திறந்துள்ளது. சுவீடன் நாட்டு லுண்ட் நகரின் அறுவை மருத்துவர் ஸ்டிக் ஸ்டீன், உடலிலிருந்து எடுத்த நுரையீரலை வெளியிலேயே இயங்கச் செய்து சோதிக்கும் முறையை வகுத்து, 2000ஆம் ஆண்டில் அவ்வாறு சோதித்த நுரையீரலை ஒரு மனிதருக்குப் பொருத்தினார். கனடாவின் டொராண்டோ மருத்துவர்கள் அம்முறையை வளர்த்தனர். ஐயத்திற்குரிய நுரையீரலை உடல் வெப்பத்தில் வைத்து, காற்றையும் சத்து நீர்மத்தையும் செலுத்தி, நான்கு மணி நேரம் காத்திருந்து பார்த்தார்கள். அவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, 23 கொடையாளரின் ஐயத்திற்குரிய நுரையீரல்களுள் 20 பேருடையவை பயன்பட்டன. பெற்றோரின் நிலையும் மற்றவர்களின் நிலையை ஒத்திருந்தது. கனி கொடாத அத்திமரத்தை வெட்டிவிடச் சொன்ன தலைவரிடம், இவ்வாண்டும் விட்டுவையும், சுற்றிலும் கொத்தி எருவிடுவேன் என்று மன்றாடிய தோட்டக்காரரை இங்கே நாம் நினைக்கிறோம். தீர்ப்பைச் சற்றுத் தள்ளிவைக்கும் பொறுமையே சில வேளைகளில் உயிரைக் காக்கிறது.

தராசைப் பிடிக்கும் கை

தராசு நேராக இருந்தாலும் அதைப் பிடிக்கும் கை நடுங்கலாம். தம் மருத்துவமனையின் வெற்றிக் கணக்கு குறையக்கூடாது என்று கருதும் மருத்துவருக்கு, ஐயத்திற்குரிய உறுப்பை மறுத்துவிடுவது எளிது. மறுத்த பின் பட்டியலில் இறந்துபோகும் நோயாளி அவருடைய அறுவைக் கணக்கில் எழுதப்படுவதில்லை. மறுபுறம், பெரும் பொருள் செலவழிக்க வந்த நோயாளிக்காகக் குறையைக் காணாதது போல் நடிப்பதும் கூடும். இரண்டிலும் 'தரம்' என்ற சொல்லே திரையாக அமைகிறது.

2018ஆம் ஆண்டு இவ்வினா நம் வாயிற்படிக்கே வந்தது. அவ்வாண்டு மே மாதம், விபத்தில் காயமுற்ற கேரள இளைஞர் ஒருவர் சேலத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் மூளைச்சாவு அடைந்தார். சிகிச்சைச் செலவைக் கட்ட இயலாத நிலையில் இருந்த குடும்பத்தாரிடம் உறுப்புகளுக்கு ஒப்புதல் பெற்ற விதம் முறையன்று என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் தமிழக முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அதே காலத்தில், முந்தைய ஆண்டு தமிழகத்தில் மாற்றப்பட்ட நுரையீரல்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வெளிநாட்டவர்க்குச் சென்றது என்ற கணக்கும் நாளிதழ்களில் வெளிவந்தது. உள்நாட்டு நோயாளிகளுக்கே முதலுரிமை என்பது விதி. அவர்களுக்குப் பொருந்தாதவையும், அவர்கள் சார்பில் ஏற்கப்படாதவையுமே வெளிநாட்டவர்க்கு அளிக்கப்பட்டன, இல்லையேல் வீணாகியிருக்கும் என்பது மருத்துவர் தரப்பின் விளக்கம்.

இவற்றில் எவர் குற்றவாளி எனத் தீர்ப்புக் கூறுவது நம் பணியன்று. அவ்விளக்கத்தின் உள்ளே மறைந்திருக்கும் அறவினாவையே நாம் காண்கிறோம். ஏழை ஒருவருக்கு 'ஆகாது' எனப்பட்ட நுரையீரல், மற்றொருவருக்கு 'ஆகும்' என எவ்வாறு மாறுகிறது? நேர்மையான விடைகள் உண்டு: உயரம் பொருந்தாதிருக்கலாம், இரத்த வகை வேறாயிருக்கலாம், ஒருவர் இன்னும் காத்திருக்கக் கூடியவராகவும், மற்றவர் நாளை இறக்கக் கூடியவராகவும் இருக்கலாம். ஆனால், சிகிச்சைச் செலவைத் திரட்ட இயலாமையால் எழுந்த மறுப்பு, தரக் குறைவினால் எழுந்த மறுப்பாக ஏட்டில் பதிவாகுமானால், அது பொய்ச்சான்று. மருத்துவச் சொற்களால் எழுதப்பட்டதால் அதன் பெயர் மாறிவிடாது.

2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், உரோமையில் கூடிய உறுப்பு மாற்று வல்லுநர்களின் பன்னாட்டு மாநாட்டில் உரையாற்றிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இவ்விடத்தையே தொட்டார். உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கையில் வயது, பால், இனம், சமயம், சமூக நிலை ஆகியவற்றைக் கொண்டு வேற்றுமை பாராட்டலாகாது. உழைக்கும் திறனும் சமுதாயப் பயனும்கூட அளவுகோலாகக் கூடா. மருத்துவக் காரணங்களே அளவுகோல் என்பது அவர் போதனை. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர், வாழ்வின் நற்செய்தி பற்றிய தம் சுற்றுமடலில், அன்றாட வாழ்வின் வீரச் செயல்களுக்கு எடுத்துக்காட்டாக, நெறி வழுவாமல் அளிக்கப்படும் உறுப்புக் கொடையை அவர் குறிப்பிட்டிருந்தார். நெறி வழுவாமல் என்ற அடைமொழி கொடுப்போருக்கு மட்டும் உரியதன்று. எடுப்போருக்கும் பகிர்வோருக்கும் உரியது.

பெறுபவரிடம் உண்மையைக் கூறுவதும் இந்நெறியின் பகுதியே. புகைபிடித்தவரின் நுரையீரலோ, ஐயத்திற்குரிய நுரையீரலோ கிடைத்தால் ஏற்பீரா என்ற கேள்வியை, நள்ளிரவில் அறுவை அறையின் வாயிலில் கேட்பது கேள்வியாகாது. பட்டியலில் பெயர் சேர்க்கும் நாளிலேயே, அவர் அறிந்த மொழியில், மறுத்தால் நேரக்கூடியதையும் ஏற்றால் நேரக்கூடியதையும் விளக்கி, விடை பெற வேண்டும். தம் மூச்சைப் பற்றிய முடிவில் அவருக்கே பங்கில்லை என்றால், அவரையும் நாம் ஓர் உறுப்பாகவே நடத்தியவராவோம்.

மறுக்கப்பட்ட காணிக்கை

இனி, மறுபக்கத்தில் நிற்கும் குடும்பத்தை எண்ணுவோம். 'சிறுநீரகமும் கண்களும் எடுத்துக்கொண்டோம்; நுரையீரல் ஏற்றதாக இல்லை' என்ற சொல்லைக் கேட்கும் மனைவியின் நெஞ்சில் என்ன ஓடும்? கணவர் பிடித்த பீடியை எண்ணி நாணுவாளா? தம் வீட்டுக் கொடை திருப்பி அனுப்பப்பட்டது என வருந்துவாளா?

பழைய உடன்படிக்கையின் பலிபீடத்திற்குக் குறையற்ற ஆடே ஏற்றது என்பது லேவியர் நூலின் சட்டம். குருடும் முடமுமான விலங்குகளைக் கொண்டுவந்தோரை இறைவாக்கினர் மலாக்கி கடிந்துரைத்தார். அவர்கள் நல்லதை வீட்டில் வைத்துக்கொண்டு கழிவைக் கடவுளுக்குக் கொடுத்தார்கள் என்பதே அவர் கண்ட குற்றம். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளோ கோவிலின் கணக்கில் ஒன்றுமில்லாதவை. ஆண்டவர் கணக்கிலோ அனைத்திலும் மேலானவை. அவள் வைத்துக்கொண்டது எதுவுமில்லை. துயரத்தின் உச்சியில் நின்று, இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன குடும்பத்தின் கொடை, அச்சொல்லோடு நிறைவெய்திவிட்டது. உறுப்பு பயன்படுமா என்பது உறுப்பைப் பற்றிய தீர்ப்பு மட்டுமே.

மேலும், நுரையீரலின் வடுக்களைப் பாவக் கணக்காகப் படிப்பது அறியாமை. பீடியைத் தொடாத பெண்கள் எத்தனையோ பேர், விறகடுப்பின் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்ததால் நுரையீரல் கெட்டவர்கள். கல்லுடைப்போர், ஆலைத் தொழிலாளர், பஞ்சுத் தூசியில் நிற்போர் ஆகியோரின் நெஞ்சில் படிந்திருப்பது, பிறர் வீடு எழும்பவும் பிறர் ஆடை நெய்யப்படவும் அவர்கள் கொடுத்த விலை. அத்தகைய ஒருவரின் நுரையீரல் இறப்புக்குப் பின் மறுக்கப்படுகிறதென்றால், அதை வாழும்போதே நாம் பயன்படுத்தித் தீர்த்துவிட்டோம் என்று பொருள். ஆகவே, அச்சோதனை கொடையாளரை மட்டும் சோதிப்பதில்லை. அவரைச் சூழ்ந்திருந்த நம்மையும் சோதிக்கிறது.

நம் கடமை

அறுவை அறைக்குள் பொதுநிலையினராகிய நமக்கு இடமில்லை. ஆனால் அந்த அறைக்கு வெளியே செய்யத்தக்கவை பல. துயரம் வரும்முன்னரே வீட்டில் இதைப் பேசிவிடுவது முதலாவது. இறந்தோர் அனைவரையும் நினைக்கும் நவம்பர் மாதத்தில், கல்லறைகளைத் தூய்மை செய்து மெழுகுவர்த்தி ஏற்றித் திரும்பும் மாலையில், தம் உடல் பற்றிய விருப்பத்தைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம். அன்று பேசிய குடும்பம், மருத்துவமனை நடைக்கூடத்தில் யாருடைய வற்புறுத்தலுக்கும் பணியாது, தானாக முடிவெடுக்கும்.

உறுப்பு எடுக்கப்பட்ட வீட்டுக்கும், எடுக்கப்படாத வீட்டுக்கும் ஒரே மதிப்போடு சென்று ஆறுதல் கூறுவது இரண்டாவது. ஒப்புதல் அளித்தும் மருத்துவக் காரணத்தால் உறுப்புகள் ஏற்கப்படாத குடும்பங்களைப் பங்குச் சமூகம் மறந்துவிடுவது எளிது. திருப்பலியில் கொடையாளர்களுக்காக மன்றாடும்போது அவர்களும் அம்மன்றாட்டில் இடம் பெற வேண்டும்.

மூன்றாவது, நம் அண்டையில் வாழ்வோர் இழுக்கும் காற்றைப் பற்றிக் கவலைப்படுவது. தூசியில் உழைப்பவருக்கு முகக் கவசம் கிடைக்கிறதா, நம் வீட்டு வேலைக்காரரின் அடுப்பு இன்னும் புகைகிறதா, நம் பிள்ளைகள் வண்டியில் ஏறும்போது தலைக்கவசம் அணிகிறார்களா என்று கேட்பது சிறிய கேள்விகளே. ஆனால் ஒருவரின் மூச்சு மற்றொருவருக்குப் பயன்படுமா என்பதை விட, அவருக்கே அது நெடுநாள் பயன்பட வேண்டும் என்பது அல்லவா அன்பின் முதல் விருப்பம்? அவ்விருப்பத்தோடு வாழ்ந்த சமூகத்தில், ஒரு நாள் அறுவை மருத்துவரின் விரல்கள் யாரோ ஒருவரின் நுரையீரலைத் தடவிப் பார்க்கும்போது, 'இது ஆகும்' என்று சொல்லும் வாய்ப்பும் கூடும்.